பெற்றோர் தேர்ந்தெடுத்த பள்ளி: கட்டுரை எழுதுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன வருஷம் மூன்றாம் படிவ மாணவர்களுக்கு ஒரு விவாதக் கட்டுரை கொடுத்தேன். 'பிள்ளை படிக்க வேண்டிய பள்ளியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்க வேண்டும்' என்பது தலைப்பு. பதினேழு தாள் வந்தது. பதினாறில் ஒரே சரக்கு. தனியார் பள்ளியில் குளிர்சாதன வசதி உண்டு, ஆங்கிலம் நன்றாக வரும், பெற்றோர் சொல் கேட்பது பிள்ளையின் கடமை. கடைசியில் கல்வி அதிகாரத்திலிருந்து ஒரு குறள். பதினேழாவது தாளை நீட்டும்போதே அந்த மாணவி, "டீச்சர், இதை எங்கம்மாகிட்ட காட்டிடாதீங்க" என்றாள்.

நான்காம் படிவத்துக்கு அவளைத் தனியார் பள்ளியில் போடுவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. முன்பணமும் கட்டியாச்சு. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கட்டுரையில் உணர்ச்சி நிறைய இருந்தது, ஆதாரம் ஒன்றும் இல்லை. மற்ற பதினாறில் இரண்டுமே இல்லை. தலைப்பைக் கொடுத்த நான் பின்னணியைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், 'தனியார் பள்ளி' என்று மாணவர்கள் பொத்தாம்பொதுவாக எழுதுகிறார்களே, அதில் பல வகை உண்டு. தேசியக் கலைத்திட்டத்தைப் பின்பற்றி எஸ்.பி.எம். தேர்வுக்கே தயார்ப்படுத்தும் தனியார் பள்ளி ஒரு வகை. ஐ.ஜி.சி.எஸ்.இ. போன்ற வெளிநாட்டுப் பாடத்திட்டம் நடத்தும் அனைத்துலகப் பள்ளி இன்னொரு வகை. இப்பள்ளிகளில் மலேசிய மாணவர் எண்ணிக்கைக்கு முன்பு உச்சவரம்பு இருந்தது. 2012இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு கூடியது என்பது என் எண்ணம். மூன்றாவது, சீனத் தனியார் இடைநிலைப்பள்ளி. நம் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள ஜிட் சின் தனியார் இடைநிலைப்பள்ளி இந்த வகை. அங்கே யு.இ.சி. தேர்வு. எந்த வகை என்று சொல்லாமல் 'தனியார் பள்ளி சிறந்தது' என்று எழுதினால், திருத்துபவருக்கு அந்த வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது.

தமிழ் வழி இடைநிலைப்பள்ளி நாட்டில் இல்லை. ஆகவே தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளை முதல் படிவத்திலோ புகுமுக வகுப்பிலோ ஏற்கெனவே ஒரு மொழி மாற்றத்தைச் சந்தித்துவிட்டது. கணிதம், அறிவியல் எல்லாம் தமிழிலிருந்து மாறின. நண்பர்களும் மாறினார்கள். பதினைந்து, பதினாறு வயதில் தனியார் பள்ளிக்குப் போனால் அது இரண்டாவது மாற்றம். இந்தக் கருத்தைப் பதினேழு பேரில் ஒருவர்கூட எழுதவில்லை. அத்தனை பேரும் அதைக் கடந்து வந்தவர்கள்தான்!

இனி, தமிழ்ப் பாடத்துக்கு என்ன ஆகும்? இதில்தான் ஆசிரியர்களுக்கும் தெளிவு வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் (சட்டம் 550) தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்கிறது. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். மாணவர் கேட்டாலும், ஆசிரியர் கேட்டாலும் அது வேறு. இரண்டு, 15 பேர் 'பள்ளியில்' இருக்க வேண்டும் என்றுதான் உள்ளது. ஒரே வகுப்பில், ஒரே படிவத்தில் என்று இல்லை. "உங்க படிவத்துல பத்துப் பேர்தான், வகுப்பு நடத்த முடியாது" என்று யாராவது சொன்னால், இந்த வரியைப் பணிவாக எடுத்துக் காட்டலாம்.

ஆனால் அந்த வரையறை அரசாங்கப் பள்ளிக்கும் அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கும் உரியது. தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அட்டவணையில் தமிழ் இல்லையென்றால் இல்லைதான். பெற்றோர் பலருக்கு இது தெரியாது. பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், தமிழ் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

பள்ளி நடத்தாவிட்டாலும் வழி உண்டு. எஸ்.பி.எம். எழுதும் மாணவர் வெளியே படித்துத் தமிழ்மொழியைக் கூடுதல் பாடமாக எடுக்கலாம். தமிழ் இலக்கியத்தைப் பலர் இப்படித்தான் எடுக்கிறார்கள். தேர்வுப் பதிவின்போது பாடப் பட்டியலில் அது சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பதிவு முடிந்தபின் அழுது பயனில்லை. பிற்காலத்தில் ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழ்மொழிப் பிரிவுக்கு விண்ணப்பிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, எஸ்.பி.எம். தமிழில் நல்ல தேர்ச்சி இல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

சரி, யார் முடிவு செய்வது? விவாதக் கட்டுரைக்கு இரு பக்கமும் ஆதாரம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளைக்கு எத்தகைய கல்வி தருவது என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமையைப் பெற்றோருக்கு வழங்குகிறது. 1989ஆம் ஆண்டு சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. மலேசியா இவ்வுடன்படிக்கையில் 1995இல் இணைந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக மாணவர்கள் நினைப்பார்கள். உற்றுப் பார்த்தால், ஒன்று முடிவெடுப்பதைப் பற்றியது, மற்றது கேட்பதைப் பற்றியது. பிள்ளை சொல்வதே நடக்க வேண்டும் என்று 12ஆம் பிரிவில் எங்கும் இல்லை. கேட்காமல் முடிவெடுக்காதே என்பதே அதன் பொருள். இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் விளக்கும் மாணவர், குறள் ஒட்டவைத்தவரைவிட வெகுதூரம் முன்னே போய்விடுவார்.

வாக்கிய அளவில் ஓர் எடுத்துக்காட்டு. 'தனியார் பள்ளிகளில் வசதிகள் அதிகம் ஆகும்' என்று எழுதுவதை விட்டுவிட்டு, 'நான்காம் படிவத்தில் பள்ளி மாறும் மாணவர், புதிய பாடங்களையும் புதிய ஆசிரியர்களையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறார். தேர்வுக்கோ இரண்டே ஆண்டுகள்' என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த வரி தானாக வரும். 'சுருங்கக்கூறின்' என்று தொடங்கும் முடிவுரையைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் இருந்தால் நாளையே செய்துவிடுவேன்.

அந்த மாணவியின் அம்மா மதிப்பெண் அட்டை வாங்க வந்தார். பிறையில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். கட்டுரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "புதுப் பள்ளியில தமிழ் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கேக்கல டீச்சர்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சூப்பர்வைசர் வேலைக்கு ரெண்டு தடவை இன்டர்வியூ போனேன். வேலை தெரியும். இங்கிலீஷ்ல பேச வரல. அவளுக்கு அப்படி ஆகக்கூடாது." அதுவரை அவரைப் பிடிவாதக்காரர் என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். என் கட்டுரையிலும் ஆதாரம் இல்லை.

வீட்டுக்குப் போய் மகளிடம் அதைச் சொல்லுங்கள் என்றேன். இன்டர்வியூ கதை மகளுக்கு அதுவரை தெரியாதாம். புதிய பள்ளியிடம் கேட்க நாலு கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறீர்கள், தமிழை எஸ்.பி.எம். பட்டியலில் சேர்ப்பீர்களா, ஐந்தாம் படிவம் வரை மொத்தச் செலவு எவ்வளவு, பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் நன்றாக இல்லை.

அவள் போய்விட்டாள். தமிழ் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவளுக்கும் இன்னும் மூவருக்கும் கட்டுரை வகுப்பு நடத்துகிறேன். அம்மாதான் மோட்டாரில் கொண்டு வந்து விடுகிறார். அந்தக் கட்டுரையை ஆதாரங்களோடு திருப்பி எழுதச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.