அறிவைப் பூட்டி வைத்தால் மட்டும் போதுமா?



இன்று மனிதனுக்கு எவ்வளவோ தொழில்நுட்பம் தெரியும். பாலம் கட்டத் தெரியும், தடுப்பூசி செய்யத் தெரியும், ராக்கெட் விடத் தெரியும். இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து வரப்போகும் மக்களுக்கு இதெல்லாம் போய்ச் சேருமா? "அதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்காங்களே, அப்புறம் என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் நடந்த ஓர் உண்மைச் சம்பவத்தைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

தோலும் தட்டும்

1086-ம் ஆண்டு. வில்லியம் என்ற அரசர், தன் நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாவு ஆலை இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொன்னார். செம்மறி ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, அதில் லத்தீன் மொழியில் மையால் எழுதினார்கள். இதற்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். 930 வருஷத்துக்கு மேல் ஆகியும் அது லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. லத்தீனும் அந்தக் காலத்து எழுத்தும் தெரிந்தவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள்.

அதன் 900-வது ஆண்டு நினைவாக, 1986-ல் பி.பி.சி. நிறுவனம் புதிதாக ஒரு டூம்ஸ்டே தயாரித்தது. இதில் நமக்குச் சந்தோஷமான விஷயம் என்னவென்றால், நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகள்தான் நிறைய எழுதினார்கள்! தங்கள் ஊர் எப்படி இருக்கிறது, என்ன சாப்பிடுகிறோம், என்ன விளையாடுகிறோம் என்று எழுதி, போட்டோவும் எடுத்து அனுப்பினார்கள். மொத்தம் பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்தார்களாம். எல்லாவற்றையும் பெரிய லேசர் தட்டுகளில் பதிந்தார்கள்.

ஆனால் அந்தத் தட்டைப் படிக்க அதற்கென்றே செய்த ஒரு கருவி வேண்டும். அதன் விலை அதிகம். அதனால் வாங்கியவர்கள் குறைவு. கொஞ்ச வருஷத்தில் கம்ப்யூட்டர்களும் மாறிப் போயின. பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தால், ஓடுகிற நிலையில் கருவி கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. தட்டு இருக்கு, அதில் எழுதியதும் இருக்கு, படிக்கத்தான் வழியில்லை! 2002-ல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் போல நடக்க வைக்கும் நிரல் எழுதி அதை மீட்டார்கள். ஆட்டுத்தோல் 900 வருஷம் பேசியது. லேசர் தட்டு 15 வருஷத்தில் ஊமையாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் 'சேவ்' செய்யும் பொத்தானில் ஒரு சின்னச் சதுரப் படம் இருக்குமே, அது ஃப்ளாப்பி. நம்மில் எத்தனை பேர் அதைக் கையால் தொட்டிருக்கிறோம்? அதற்குள் இருப்பதை இப்போது எந்தக் கருவியில் படிப்பது? யோசிச்சுப் பாருங்க.

படிக்கும் வழியையும் சேர்த்து அனுப்பினார்கள்

1977-ல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களில், தங்க முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒவ்வொன்று இருக்கிறது. அதை ஓட்டுவதற்கான ஊசியையும் கூடவே வைத்தார்கள். எப்படி ஓட்டுவது என்பதை மூடியின் மேல் படமாகச் செதுக்கினார்கள். யாராவது எப்போதாவது கண்டெடுத்தால் திகைத்து நிற்கக் கூடாதே!

நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், பனி உறைந்த மலைக்குள் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 2017 முதல் அங்கே ஒரு காப்பகம் நடக்கிறது. தகவல்களைப் படச்சுருளில் பதிந்து வைக்கிறார்கள். அதை எப்படிப் படிப்பது என்ற விளக்கத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்கக் கூடிய எழுத்திலேயே சுருளில் சேர்த்துவிடுகிறார்கள். வெளிச்சமும் பூதக்கண்ணாடியும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

எழுதியும் தொலைந்து போன உருக்கு

சரி, நல்ல பொருளில் எழுதியாச்சு, படிக்கவும் வழி வச்சாச்சு. அத்தோட முடிஞ்சுதா? இல்லை. இதற்கு உதாரணம் நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் தென்னிந்திய உருக்கு உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலேயர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் தோண்டியபோது பழங்கால உலைகள் கிடைத்தன. 19-ம் நூற்றாண்டில் சேலம் பகுதியில் இதைப் பார்த்த ஆங்கிலேயர்கள் செய்முறையை எழுதி வைத்தார்கள். மண் மூசையில் இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, எருக்க இலை போட்டு, வாயைக் களிமண்ணால் மூடி, கரி உலையில் வைத்துத் துருத்தி ஊத வேண்டும். குச்சியிலும் இலையிலும் உள்ள கார்பன் இரும்பில் ஏறி உருக்கு ஆகிவிடும்.

இவ்வளவு தெளிவாக எழுதியும் என்ன ஆச்சு? இங்கிலாந்து ஆலை உருக்கு மலிவாக வந்தது. கரிக்கு மரமும் குறைந்தது. உலைகள் அணைந்தன. மின்சாரத்தில் நாம் படிக்கும் மைக்கேல் ஃபாரடே 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்த உருக்கை ஆராய்ந்தார். அவராலும் முழு ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1990-களில்தான் வெர்ஹோவன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, இந்த உருக்கில் அடித்த வாளில் வரும் அலை அலையான கோலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரும்பில் மிகச் சிறிய அளவில் வனேடியம் என்ற தனிமம் இருக்க வேண்டும் என்று 1998-ல் விளக்கினார்கள்.

நம்ம கொல்லர்களுக்கு வனேடியம் என்ற பேரே தெரியாது. ஆனால் எந்த இரும்பு நல்லா வரும், நெருப்பு எந்த நிறத்துக்கு வந்தால் போதும் என்று கண்ணுக்கும் கைக்கும் தெரியும். பார்த்து எழுதியவர்களின் காகிதத்தில் அது ஏறவில்லை. அந்தப் பேராசிரியருக்கும் ஒரு கொல்லர் துணை வேண்டியிருந்தது, கவனித்தீர்களா?

ஆகவே தோழர்களே, அறிவு பின்னால் வருபவர்களுக்குப் போய்ச் சேர மூன்று வேண்டும்.

1. நீண்ட நாள் தாங்கும் பொருள்.
2. அதைப் படிக்கும் வழி.
3. செய்து பழகிய கை.

முதல் இரண்டை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது நம்மகிட்டதான் இருக்கிறது. விதைநெல் காய்ந்துவிட்டதா என்று பெரியவர்கள் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இது எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? பானை சுடுபவர், கூடை முடைபவர், மடை திறப்பவர் எல்லாரிடமும் இப்படி ஒன்று இருக்கும். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அது அவர்களோடு முடிந்துவிடும்.

நாம் ஒவ்வொருவரும் இந்த அரையாண்டு விடுமுறையில் ஒரு தொழில் தெரிந்தவரிடம் போய்க் கேட்போம். "என்ன செய்யறீங்க?" என்று மட்டும் கேட்காமல், "சரியா வந்துடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்றும் கேளுங்கள். நோட்டில் மையால் எழுதுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது செய்து பாருங்கள். வகுப்புக்கு ஒரு நோட்டு சேர்ந்தால் நம் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். ஆசிரியர்கள் இதற்கு உதவ வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி