ஹயாத்தோடு இருக்கும்போதே எழுதி வைப்போம்



ஒரு வீட்டில் மௌத் நிகழ்ந்தால் ஜமாஅத்தார் ஒன்றுகூடி அடக்கம் வரை எல்லாக் காரியங்களையும் செய்து முடிக்கிறோம். அதன்பின் அந்தக் குடும்பத்தார் உதவி கேட்டு நமது டிரஸ்ட் அலுவலகம் வரும்போது நாம் சில விவரங்கள் கேட்கிறோம். மர்ஹூமுக்குக் கடன் இருந்ததா? யாராவது அவருக்குத் தர வேண்டுமா? வீட்டுப் பத்திரம் எங்கே? எந்த வங்கியில் கணக்கு? "அத்தாவுக்குத்தான் தெரியும்" என்பதே பல வீடுகளில் பதிலாக இருக்கிறது.

மார்க்கம் இதில் ஒரு வரிசையை வைத்திருக்கிறது. விட்டுச்சென்ற பொருளிலிருந்து முதலில் கஃபன், அடக்கச் செலவு, அடுத்து கடன், அடுத்து மூன்றில் ஒரு பாகத்துக்கு மிகாத வஸிய்யத், அதன் பிறகே வாரிசுகளின் பங்கு. அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்கள் பங்குகளைச் சொல்லும்போது, வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பின்னரே என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. கடன் எவ்வளவு என்றே தெரியாத பிள்ளைகள் சொத்தைப் பங்கு வைத்தால், இன்னொருவரின் ஹக் அவர்கள் கைக்கு வந்துவிடும். அவர்கள் அறியாமல் செய்வது அது. எழுதாமல் போனவரின் பொறுப்போ அப்படியே நிற்கும்.

ஆகவே ஒரு நோட்டில் முதல் பக்கத்தைக் கடனுக்கு ஒதுக்குங்கள். வாங்கியது, கொடுத்தது, கடைக் கூட்டுப் பங்கு, பிறர் நம்பி வைத்த அமானிதம் என எல்லாமே அதில் வர வேண்டும். மனைவிக்குக் கொடுக்காமல் நின்ற மஹரும் கடன்தான். மனைவி வாரிசாகப் பெறும் பங்கு வேறு, மஹர் வேறு. வீட்டிலுள்ள நகையில் எது மனைவியுடையது, எது மருமகளுடையது என்பதையும் குறித்து வைப்பது நல்லது.

அடுத்த பக்கம் வஸிய்யத். வஸிய்யத் செய்யப் பொருள் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி, வாரிசு ஒருவருக்கு வஸிய்யத் கிடையாது. ஆனால் மகன் தந்தைக்கு முன்பே வஃபாத்தாகி, வேறு மகன் உயிரோடு இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு வராது. அந்த யத்தீம்களுக்கு மூன்றில் ஒரு பாகத்துக்குள் பாட்டனார் எழுதி வைக்கலாம். எழுதாவிட்டால் அவர்கள் சிறிய தந்தையரின் கருணையை எதிர்பார்த்து நிற்க வேண்டிவரும்.

"இந்த வீடு சின்னவனுக்கு" என்று வாயால் சொல்லி வைப்பது பின்னால் தகராறுக்கே வழி. உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் ஹிபா, கொடுப்பவர் அறிவித்து, பெறுபவர் ஏற்று, பொருளை அவர் கையில் ஒப்படைத்தால்தான் நிறைவேறும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதமும் வேண்டும்.

மூன்றாவது, ஆவணங்கள். ஆதாரில் முகமது, பாஸ்போர்ட்டில் முஹம்மது, பட்டாவில் முகம்மது என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது நம் வீடுகளில் சகஜம். வாரிசு சான்றிதழுக்கு அலையும்போதுதான் இதன் கஷ்டம் தெரியும். திருத்துவதை உரியவரே இருக்கும்போது செய்துவிடுவது எளிது. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதும் வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும்.

வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருந்தால் பணம் முழுவதும் அவருக்கே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரமே அவருக்கு உண்டு. பணம் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. பத்து ஆண்டுகள் யாரும் கேட்காத டெபாசிட் தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடும். பிறகும் உரியவர்கள் கேட்டுப் பெறலாம். ஆனால் கணக்கு இருந்ததே தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது? எந்த வங்கி, எந்தக் கிளை, பத்திரம் எந்தப் பெட்டியில் என்று எழுதினால் போதும். ரகசிய எண்களை எழுத வேண்டாம்.

நோட்டு இருக்கும் இடம் மனைவிக்கும், நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரியட்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் சகோதரர்கள் அங்கு வர வேண்டிய சம்பள பாக்கி, சேவைத் தொகை விவரங்களையும் ஊரில் உள்ளவர்களிடம் தெரிவித்து வையுங்கள். ஆண்டுதோறும் ரமலானில் ஸகாத் கணக்குப் பார்க்கும்போதே இந்த நோட்டையும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

பங்கு விவரங்களில் சந்தேகம் இருந்தால் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களும், தனியே வாழும் சகோதரிகளும் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தால் உடனிருந்து எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.