என்பும் இலக்கணமும்

எலும்பு என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது சுடலையே. உயிர் நீங்கிய பின்னும் எஞ்சிக் கிடப்பது அதுவாதலின், அதனை உயிரற்றதோர் பொருளாகவே எண்ணிவிட்டோம். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதை இக்கால அறிவியல் ஐயமறக் காட்டியுள்ளது.

எலும்பு நாள்தோறும் இடிக்கப்படுகின்றது, நாள்தோறும் கட்டவும்படுகின்றது. இடிப்பதற்கு ஒருவகை உயிரணுக்களும் கட்டுவதற்கு வேறொருவகை உயிரணுக்களும் உள. வளர்ந்தோர் உடலில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு எலும்பு இவ்வாறு புதுப்பிக்கப்படும். இடிப்பு மிகுந்து கட்டுதல் குன்றுமாயின் எலும்பு நொய்ந்து போகும்.

இதனை யான் ஏட்டளவில் மட்டும் அறிந்தவனல்லேன். தெஹிவளையில் எம்மோடு வாழும் என் தமக்கையார் வாசற்படியில் இடறி வீழ்ந்து, இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கிற் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்தோர் யாவரும், “வயது போனால் இப்படித்தான்” என்று சொல்லிச் சென்றனர். அந்த ‘இப்படித்தான்’ என்பதனுள் இயங்கும் முறை யாது என வினவுவோர் சிலரே.

அவருள் ஒருவர் செல்வமுருகன். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில் எலும்பாராய்ச்சி நிகழ்த்திய பேராசிரியர். அமெரிக்காவில் நிக்கோலா பாட்றிட்ஜ் அம்மையார் முதலியோருடன் 1998இல் இவர் வெளியிட்ட ஆய்வொன்று என் கருத்தைக் கவர்ந்தது.

குருதியிற் கல்சியம் குறையும்போது, கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் ஓர் ஓமோனைச் சுரக்கின்றன. அது எலும்பு கட்டும் உயிரணுவை அடைந்து, கொலாசனை அறுக்கும் நொதியம் ஒன்றின் பரம்பரை அலகை எழுப்புகிறது. எழுப்புதல் எங்ஙனம்? அவ்வலகின் முன்னே இரண்டு இடங்கள் உள. இருவகைப் புரதங்கள் அவற்றில் அமர்ந்து ஒத்துழைத்தாலன்றி ஓமோனின் ஆணை செவ்வனே நிறைவேறுவதில்லை என்று அவ்வாய்வு காட்டியது.

இலக்கணம் கற்றோர்க்கு இது புதிதன்று. ‘மரம்’ என்னுஞ் சொல் ஒன்றே. உருபேற்று மரத்தை, மரத்தால், மரத்துக்கு என நிற்கையில் அதன் தொழில் வேறாகிறது. கண்ணிலும் எலும்பிலும் உள்ள பரம்பரை அலகுகள் ஒன்றே. அவற்றை ஆளும் புரதங்களே வேறு. உருபு பின்னே வரும், இவையோ பெரும்பாலும் முன்னே அமரும் என்பதே வேற்றுமை.

அப்புரதங்களுள் ஒன்று ‘ரன்க்ஸ்-2’. அதனை நீக்கிய எலிக்குஞ்சுகளின் உடலில் எலும்பே தோன்றவில்லை. குருத்தெலும்பு மட்டுமே இருந்தது. பிறந்தவுடன் மூச்சின்றி அவை இறந்தன. யப்பானில் கொமோரி என்பாரும் அவர் குழுவினரும் 1997இல் இதனை வெளியிட்டனர்.

வியப்பொன்று உளது. அக்கழுத்துச் சுரப்பியின் ஓமோன் ஓயாது மிகுந்திருப்பின் எலும்பை அரிக்கும். நாளுக்கொருமுறை சிறிதளவு ஊசிவழிச் செலுத்தின் எலும்பை வளர்க்கும். அதன் ஒரு கூறு 2002இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. பெருமழை வரப்பை உடைக்கும். அளவாய்ப் பெய்யும் மழை பயிரை வளர்க்கும் அன்றோ?

ஆதலின் முதியோர் எலும்பு முறிவதை விதியென்று கூறி வாளா இருத்தல் தகாது. குரக்கனும் கீரையும் நெத்தலியும் உண்க. காலை வெயிலில் நடக்க. வீழ்ந்து முறிவதற்கு முன்னரே வைத்தியரை நாடுக. நம் உடலிற் கட்டும் பணி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குத் துணை நிற்றல் நம் கடன்.