மீன் டிபி: மெலியும் மீனுக்குள் நடப்பது என்ன?

தொட்டி மீன்களைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ‘மீனுக்கு டிபி என்கிறார் கடைக்காரர், பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமா?’ ஒரு வாசகரின் கௌராமி, இரை போட்டால் முதல் ஆளாக ஓடி வருகிறதாம். ஆனாலும் வயிறு ஒட்டி, முதுகு கத்தி விளிம்பாகத் தேய்ந்துகொண்டே போகிறதாம். ஃபில்டர், தண்ணீர் மாற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மனிதருக்குக் காசநோய் தருவது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். மீனைப் பிடிப்பவற்றில் முக்கியமானது அதன் பங்காளி, மைக்கோபாக்டீரியம் மரைனம். ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த கடல் மீன்களிலிருந்து 1926இல் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். நன்னீர்த் தொட்டியும் அதற்குச் சுகவாசம்தான்.

மீன் வாங்கும்போது கிடைக்கும் ‘நோயற்ற மீன்’ என்ற சான்றிதழுக்கு என் அகராதியில் பொருள்: பார்த்த அன்று, பார்த்தவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. இந்தக் கிருமி மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். உறுதி செய்ய நம்பகமான வழி, மீனைக் கொன்று மண்ணீரலை நசுக்கிச் சாயமேற்றிச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் கிருமியைத் தேடுவது. உங்கள் பாலித்தீன் பையில் நீந்தும் மீனுக்கு யாரும் அதைச் செய்திருக்க முடியாது.

என்னை உறுத்துவது கிருமியின் சாமர்த்தியம். அது உள்ளே நுழைந்ததும் மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் விழுங்குகின்றன. விழுங்கியது செரிப்பதில்லை. மேலும் செல்கள் வந்து சூழ, கிரானுலோமா என்ற முடிச்சு உண்டாகிறது. கிருமியைச் சிறைவைக்க உடல் எழுப்பும் சுவர் இது என்றுதான் நெடுநாள் சொல்லி வந்தார்கள். சியாட்டிலில் ஆய்வாளர்கள் லலிதா ராமகிருஷ்ணனும் மியூஸ் டேவிஸும் வரிக்குதிரை மீனின் குஞ்சுகளில் அதைப் பார்த்து 2009இல் எழுதியது வேறு கதை. கொளத்தூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அதே ஜீப்ரா டேனியோதான். குஞ்சின் உடல் கண்ணாடி போலிருப்பதால் எல்லாம் உயிரோடு தெரியும். நோயுற்ற காவல் செல் ஒன்று சாகிறது. பிணத்தைத் தின்னப் புதிய செல்கள் பல வருகின்றன. ஆளுக்குக் கொஞ்சம் கிருமியும் உள்ளே போகிறது. சில செல்கள் முடிச்சை விட்டுக் கிளம்பி வேறிடத்தில் புது முடிச்சு போடுகின்றன. அந்தப் புதுக் காவலர்களை வரவழைப்பதிலும் கிருமியின் சுரப்பு ஏற்பாடு ஒன்றுக்குப் பங்குண்டு. நம் குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி தடுப்பூசிக் கிருமியிடம் இல்லாமல் போனதும் அதே ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்!

இனி மற்ற கேள்விகள், சுருக்கமாக.

பிள்ளைக்கு? இருமலில் பரவாது, 30 டிகிரி செல்சியஸ் அளவில் செழித்து 37இல் தடுமாறும் கிருமி இது.

கையில் காயம் இருந்தால்? வாரங்கள் கழித்துக் கட்டி வரலாம், சிலருக்கு வரிசையாக முழங்கை நோக்கி ஏறும்.

மருத்துவரிடம்? மீன்தொட்டி இருப்பதைச் சொல்லுங்கள், ஆய்வகம் 30 டிகிரியில் வளர்த்துப் பார்க்க வேண்டும், மருந்து மாதக்கணக்கில்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு? இல்லை.

பிளீச்சிங் பவுடர்? குளோரினை நன்றாகவே தாங்கும்; வலை, இடுக்கிக்கு 70 சதவீத ஆல்கஹால் மேல்.

சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சுவது? டிபி இல்லாத தொட்டியிலும் வேண்டாம்.

செத்த மீன்? உடனே எடுத்துவிடுங்கள், மற்றவை கொத்தித் தின்பதற்குள்.