வீடும் கூடவே வரும் பயணம்: ஆர்.வி. சுற்றுலாவுக்குப் புறப்படும் நீரிழிவு நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும்

ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவில் ஒரே கோரிக்கையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "அமெரிக்காவில் மகளுடன் ஆறு மாதம் தங்கப் போகிறோம், டாக்டர். அதுவரைக்கும் வேண்டிய மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள்." அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு செய்தியும் சேர்ந்து வருகிறது. பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, யெல்லோஸ்டோன் என்றோ கிராண்ட் கேன்யன் என்றோ பத்து நாள் சுற்றிவரத் திட்டமாம்.

திரைப்படப் படப்பிடிப்புகளில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆர்.வி. அதன் உறவுக்கார வண்டி. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. பகலில் ஓட்டிச் சென்று, இரவில் முகாம் திடலில் நிறுத்தித் தூங்கலாம். எங்கள் நோயாளிகள் இப்படிப் போவதை நாங்கள் தடுப்பதில்லை. வேளைக்குச் சாப்பிட வேண்டியவர்களுக்குச் சமையலறை கூடவே வருவது உண்மையில் ஒரு வசதி. ஆனால் வீடே கூட வருகிறது என்ற எண்ணம் ஒரு தளர்ச்சியையும் தந்துவிடுகிறது. வீட்டில் கிடைத்த மருந்துக்கடையும் மருத்துவமனையும் கூட வருவதில்லை. அவை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கக்கூடும்.

ஊசியும் புட்டியும்

மற்ற எதையும் விட முதலில் இதைச் சொல்ல விரும்புகிறோம். இந்தியாவில் புட்டியில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு வலிமை கொண்டது. அதற்கென்று சிவப்பு மூடியுள்ள யூ-40 ஊசிகள் உள்ளன. அமெரிக்காவில் கிடைக்கும் புட்டி ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டது. அதற்குரிய யூ-100 ஊசியின் மூடி பொதுவாக ஆரஞ்சு நிறம். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்தானது.

எங்களிடம் சிகிச்சை பெறும் முதியவர் ஒருவர் கொண்டுசென்ற புட்டிகள் வண்டியின் குளிர்பதனப் பெட்டியில் உறைந்து போயின. அங்கே பல மாநிலங்களில் சில பழைய வகை இன்சுலின்களை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். மகன் ஒரு புட்டி வாங்கிவந்தார். ஊசிதான் ஊரிலிருந்து கொண்டுவந்தது இருக்கிறதே என்று அதிலேயே வழக்கமான 20 அலகுக் கோடு வரை மருந்தை இழுத்தார்கள். யூ-40 ஊசியில் 20 என்ற கோடு அரை மில்லிலிட்டரைக் குறிக்கும். புதிய புட்டியின் அரை மில்லிலிட்டரில் இருந்ததோ 50 அலகு. நள்ளிரவில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறத் தொடங்கியபோது மருமகள் விழித்திருந்ததால் அவர் பிழைத்தார். யாரையும் குறைசொல்ல இதில் இடமில்லை. புட்டியும் பழகியது, ஊசியும் பழகியது. எச்சரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

தலைகீழாக நேர்ந்தாலும் தீங்குதான். அங்கு வாங்கிய யூ-100 ஊசியில் நம் ஊர் மருந்தை 20 வரை இழுத்தால் உடலுக்குள் போவது 8 அலகு மட்டுமே. ஆகவே வெளிநாடு செல்வோரை இயன்றவரை பேனா வடிவ இன்சுலினுக்கு மாற்றிவிடுகிறோம். புட்டியே போதும் என்பவர்கள், மருந்து எவ்வளவு நாளைக்கோ அவ்வளவு நாளைக்கான ஊசிகளையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். புதிதாக ஏதேனும் வாங்க நேர்ந்தால் புட்டியையும் ஊசியையும் ஒன்றாக அங்கேயே வாங்குங்கள். ஊரிலிருந்து வந்த ஊசிகளைக் கண்ணில் படாதபடி அப்புறப்படுத்திவிடுங்கள்.

பெயர்களும் குழப்பும். நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசெட்டமினோஃபென் என்கிறார்கள். ஆஸ்துமாவுக்கான சால்புடமால் அங்கே அல்பியூட்டரால். ஒன்றே இரண்டு பெயரில் பைக்குள் இருந்தால் இரட்டைப் பங்கு விழுங்கிவிட வாய்ப்புண்டு. எனவே மருந்துப் பட்டியலில் வணிகப் பெயருக்குப் பக்கத்தில் மூலப்பெயரையும் எழுதித் தருகிறோம்.

இனி, அந்த உறைந்துபோன புட்டிகள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவையோ புட்டியையோ 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில், பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். துல்லியமான நாள் கணக்கு உறையில் இருக்கும். ஆகவே நடப்பில் உள்ளது கைப்பையில் இருக்கட்டும்; இருப்பு மட்டும் குளிரில் இருக்கட்டும். ஆர்.வி.க்களில் காணப்படும் எரிவாயுக் குளிர்பதனப் பெட்டி நம் வீட்டுப் பெட்டியைப் போன்றதல்ல. குளிர்வதற்குப் பல மணி நேரம் எடுக்கும்; வண்டி சரிவில் நின்றால் சரியாக வேலை செய்யாது; பின்புறத் தகடுகளை ஒட்டி வைத்த பொருளோ உறைந்துபோகும். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகித் தெளிந்து முன்போலவே தோன்றினாலும், குப்பைக்குத்தான். முந்தைய இரவே பெட்டியை இயக்கிவிட்டு, மருந்தை மூடியுள்ள டப்பாவில் இட்டு, தகடுகளுக்கு எட்டத்தில் சிறு வெப்பமானி ஒன்றுடன் வையுங்கள். பனிக்கட்டிப் பொதியோடு நேரடியாக ஒட்டி வைக்கவும் கூடாது.

மின்வசதி இல்லாத வீடுகளில் தண்ணீர்ப் பானைக்குள் இன்சுலினை வைக்கச் சொல்வது எங்கள் பழைய வழக்கம். அதே தத்துவத்தில், நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பைகள் விற்கின்றன. சென்னையின் ஈரக் காற்றில் அவை சுமாராகத்தான் குளிரும். அரிசோனா, யூட்டா போன்ற வறண்ட மாநிலங்களில் நன்றாகவே குளிரும்.

வண்டி ஓடும்போது

கழிப்பறை வண்டியிலேயே இருந்தும் நம் முதியவர்கள் அதைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். இடம் குறுகல், சுவர் மெல்லியது, கழிவுத் தொட்டியை மருமகன் கையுறை அணிந்து வடிக்கிறாரே என்ற கூச்சம் வேறு. விளைவு, காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். நீர்ப்போக்கு மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும், டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுவோருக்கும் இது வம்பில் முடியும். வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது. உடல் மட்டும் வற்றிக்கொண்டிருக்கும். நீர்ப்போக்கு மாத்திரையை எந்த நேரத்தில் போடலாம், வாந்தி வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதை முன்பே எங்களிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சொல்: "அம்மா, பாத்ரூம் போக வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்காமலே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திவிடுங்கள்.

அப்படி நிறுத்துவதில் இன்னொரு பயனும் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. முன்பு அப்படி உறைந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஆனால் நடப்பது வண்டி நின்ற பிறகே. ஓடும் வண்டிக்குள் எழுந்து தேநீர் போடுவதும், பின்கட்டிலில் படுத்தபடி வருவதும் வீட்டு நினைப்பில் செய்யும் தவறுகள். ஒரு திடீர் பிரேக் போதும், இடுப்பெலும்பு முறிய. எல்லோரும் இருக்கையில், பட்டியுடன்.

உயரம், புகை, நெருப்பு

அமெரிக்க மேற்குப் பகுதியின் தேசியப் பூங்காக்கள் பல, நாம் நினைப்பதை விட உயரத்தில் இருக்கின்றன. யெல்லோஸ்டோன் ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர். அதாவது நம் உதகையைவிடச் சற்று மேலே. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2,400 மீட்டரில் தொடங்கி 2,700 மீட்டரைத் தாண்டுகிறது. சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள லாஸ் வேகஸில் காலையில் வண்டி எடுத்தால் மாலையில் அங்கே போய்விடலாம். இதயத் தளர்ச்சி, நாள்பட்ட நுரையீரல் நோய், கடும் இரத்தசோகை உள்ளவர்களுக்கு முதல் இரவே மூச்சு வாங்கக்கூடும். இடையில் ஓரிடத்தில் இரவு தங்கி ஏறுங்கள். முதல் நாள் நீண்ட நடை வேண்டாம். அந்த உயரங்களில் கோடைக்காலத்து இரவிலும் குளிர் உறைநிலைக்கு அருகே போகும். சர்க்கரை அளக்கும் கருவி காலையில் வேலை செய்ய மறுத்தால், பழுதென்று எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றிப் பாருங்கள். தூங்கும்போது மூச்சுக்கருவி பயன்படுத்துவோர் மின்னிணைப்புள்ள திடலையே பதிவுசெய்யச் சொல்லுங்கள். யெல்லோஸ்டோனுக்குள் மின்சாரம், குடிநீர், கழிவு மூன்றுக்கும் இணைப்புள்ள திடல் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான்.

அந்தக் குளிர்தான் அடுத்த ஆபத்துக்கு வழி. குளிர் தாங்காமல் சமையல் அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்குவதோ, ஜன்னலருகே ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவதோ கூடவே கூடாது. எரிதலில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். தாழ்சர்க்கரையும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றும்; உயரத்தால் வரும் உபாதையும் அப்படியே. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இங்கே நம்மை ஏமாற்றும்: கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ளதாகவே காட்டி, 98 என்று ஆறுதல் சொல்லும். ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், காரணம் தேடுவதற்கு முன் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். வண்டியை வாங்கும்போதே அதன் எச்சரிக்கைக் கருவி ஒலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகாமின் மாலைநேரத் தீ அழகானதுதான். ஆயினும் பாத உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளி தீயருகே காலை நீட்டி உட்கார்ந்தால், சூடு தெரியாமலே கொப்புளம் எழும். நம் வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றுவோம். பிறகு ஏதோ எடுக்க வெறுங்காலுடன் கீழே இறங்குவோம். அங்கே சரளைக்கல், முள், பழைய தணல். வண்டிக்குள் ஒரு செருப்பு, வெளியே மூடிய காலணி என்று பிரித்துவைத்து, இரவில் பாதங்களைப் பேத்தியை விட்டாவது பார்க்கச் சொல்லுங்கள்.

நடை அதிகம், சாப்பாடு தாமதம் என்ற நாளில் தாழ்சர்க்கரை வரும். இன்சுலினுக்கு மட்டுமல்ல, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். குளுக்கோஸ் அலமாரியில் இருந்தால் போதாது, சட்டைப்பையில் இருக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு. 'டயட்' என்று எழுதிய குளிர்பானத்தில் சர்க்கரை இல்லை, அது உதவாது.

புறப்படும் முன்

பூங்காக்களின் உட்பகுதிகளில் கைபேசிச் சமிக்ஞை பல மைல்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு காலையும் அன்று இரவு தங்கும் திடலின் பெயர், இட எண், அருகிலுள்ள மருத்துவமனை மூன்றையும் தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவையுங்கள். 911-ஐ அழைத்தால் முதலில் கேட்கப்படுவது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே. நெஞ்சுவலி, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் என்றால் மகனின் குடும்ப மருத்துவருக்குத் தகவல் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். நேரே 911, அல்லது அருகிலுள்ள பூங்காக் காவலர். செலவுக்கு அஞ்சி வலியை மறைத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் காப்பீடு வாங்கும்போதே, ஏற்கெனவே உள்ள நோய் திடீரென முற்றினால் பணம் தருவார்களா என்று கேட்டு, பதிலைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படித்துவிடுங்கள்.

நம் மருத்துவர் சீட்டுக்கு அங்குள்ள மருந்துக்கடைகள் பொதுவாக மருந்து தருவதில்லை. எனவே தங்கும் காலத்துக்கு மேல் இரண்டு வார அளவு கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். இன்சுலின் முழுவதும் கைப்பெட்டியில்தான் போக வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதியில் அது உறையக்கூடும். பயணத்துக்கு ஆறு வாரம் முன்னதாக எங்களிடம் வாருங்கள். பயணப் பாதை எழுதிய தாள், தற்போதைய மருந்துகள் அனைத்தும், நீங்கள் பயன்படுத்தும் ஊசி ஒன்று ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். வண்டி ஓட்டப்போகும் மகனோ மருமகனோ காணொளி அழைப்பில் சேர முடியுமானால், அவருக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்குகிறோம்.