கர்ப்பிணியின் இரத்தமும் அச்சிட்ட அளவும்

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்து மணற்பூமியிலே, எத்தாளையிலிருந்து கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ சென்று இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் ஒரு கர்ப்பிணியின் கையிலுள்ள பரிசோதனைத் தாளில், அவளுடைய அளவுகளுக்கு எதிரே, சுகதேகிகளுக்கு உரியவை என்று இன்னொரு வரிசை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்கள் பெரும்பாலும் கர்ப்பமில்லாத ஸ்திரீகளின் இரத்தத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை என்பதை எடுத்துச் சொல்வார் அருகில் இல்லாதபோது, அத்தாள் சில வேளைகளில் அவளை வீணாக அச்சுறுத்துகிறது. வேறு சில வேளைகளில், அதனினும் தீதாக, பொய்யான தைரியத்தை அளித்துவிடுகிறது.

சுகமாக இருக்கும் பலருடைய இரத்தத்தைச் சோதித்து, அவர்களுள் நூற்றுக்கு 95 பேருடைய அளவுகள் எந்த எல்லைகளுக்குள் அடங்குகின்றனவோ அவற்றையே வைத்திய சாஸ்திரம் சாதாரண அளவு என்று கொள்கிறது. ஆகவே யாதொரு நோயுமின்றி இருபதில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்பது இயல்பு. கருவுற்றவளோ, அந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணத்தக்கவளே அல்லள். அவளுடைய சரீரம் ஓர் உயிரை வளர்க்கும் நிமித்தம் தன் இரத்தத்தின் அமைப்பையே மாற்றிக்கொள்கிறது.

அம்மாற்றங்களுள் தலையாயது இரத்தம் பெருகுவது. பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு அதிகரிக்க, செங்குழியங்களோ நூற்றுக்கு இருபது முப்பது பங்கு மாத்திரமே பெருகுவதால், குழியங்கள் உண்மையில் கூடியிருந்தும் இரத்தம் நீர்த்துக் காண்கிறது. இதனாலேயே, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் தெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று கொள்ளும் உலக சுகாதார ஸ்தாபனம், கர்ப்பிணிக்கு அந்த எல்லையை 11 என்றும், நடு மூன்று மாதங்களில் 10.5 என்றும் தாழ்த்தி வைத்திருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் 10.8 என்று கண்டு, “இரத்தம் குறைஞ்சு போச்சே” என்று வீடே கலங்குவதற்குக் காரணமில்லை. அவ்வாறே, 14, 15 என்று உயர்ந்த எண்ணைக் கண்டு களிப்பதற்கும் இடமில்லை. இரத்தம் நீர்க்க வேண்டிய காலத்தில் நீர்க்காமலிருப்பது, சில கர்ப்பிணிகளிடத்தில் இரத்த அழுத்த நோயோடும் சிசுவின் வளர்ச்சிக் குறைவோடும் சேர்ந்து காணப்படுவதுண்டு.

உண்மையான இரத்தசோகை வேறு. அதை அலட்சியம் செய்தல் ஆகாது. 1928 முதல் பம்பாயிலும், பின்னர் சென்னையிலும் குன்னூரிலும் இதை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில வைத்தியப் பெண்மணி, ஏழைக் கர்ப்பிணிகளின் கடுமையான சோகை, நம் கடைகளில் இன்றும் கிடைக்கும் மார்மைட்டினால் நீங்குவதை 1931-இல் வெளியிட்டார். அதில் அடங்கியிருந்த சத்தே பிற்காலத்தில் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்று கிளினிக்கில் மருத்துவமாது கொடுக்கும் மாத்திரைகளுக்குப் பின்னால் அந்த ஏழைப் பெண்களின் கதை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குகிறவர்கள் அதன் பயனைப் பெரிதும் இழக்கிறார்கள் என்பதை, தேநீரின்றிப் பொழுது போகாத நம் நாட்டில் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வெண்குழியங்கள் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை இருக்க, கர்ப்பிணிக்கு 16,000 வரையிலும், பிரசவ வேதனையின்போது அதற்கு மேலும் ஏறலாம். காய்ச்சலும் வேறு குறிகளும் இல்லாவிடில் அது கிருமியின் அடையாளமன்று. ஒன்றரை லட்சத்துக்கு மேலிருக்க வேண்டிய இரத்தச் சிறுதட்டுக்கள் கடைசி மாதங்களில் சற்றே குறைவதும், நஞ்சுக்கொடி சுரப்பதனால் அல்கலைன் பொஸ்பட்டேஸ் இருமடங்குக்கு மேல் உயர்வதும் அவ்வாறே.

என் மனத்தைப் பெரிதும் வருத்துவது, தாளில் குறி ஏதுமின்றி நல்ல எண்ணாகத் தோன்றும் அபாயம். கர்ப்பத்தில் சிறுநீரகங்கள் முன்னிலும் ஒன்றரை மடங்கு வேலை செய்து இரத்தத்தைச் சுத்தம் செய்வதால், கிரியேட்டினின் தெசிலீற்றருக்கு 0.4 முதல் 0.8 மில்லிகிராம் அளவுக்கு இறங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பழுதில்லாத 1.0 என்னும் எண், கால் வீங்கி, தலை இடித்து, இரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணிக்கு அன்றே வைத்தியசாலைக்குச் செல்லத்தக்க எச்சரிக்கையாகும். சர்க்கரையும் அப்படியே. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் பிறருக்குக் குறையில்லை. கர்ப்பிணிக்கோ 92 எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று 2013-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்தது. 95 என்ற எண்ணைத் தாளில் பார்த்து, “எல்லாம் சரிதானே” என்று அதை மடித்து வைத்துவிடும் பெண், தன் பதிவட்டையோடு அத்தாளையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், கர்ப்பம் எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வாளானால், உணவு ஒழுங்கினாலேயே பலருக்கு அந்தச் சர்க்கரை அடங்கிவிடும்.

பிரசவித்த பின் ஆறு வாரங்களுக்குள் இவ்வளவுகளுள் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பும். ஆயினும் கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதியாகையால், பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் செல்லும் அந்நாட்களிலேயே அவளும் இன்னொரு முறை இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.