அம்மா கையிலிருந்து குடத்தை வாங்காதீர்கள்

“நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்.” பாசத்தில் சொல்வதுதான். முதலில் தண்ணீர்க் குடம் போகும், அப்புறம் துடைப்பம், கடைசியில் காலையில் பால் வாங்கப் போகும் தெருமுனை நடையும். எழுபது வயது அம்மாவுக்கு மிஞ்சுவது பிளாஸ்டிக் நாற்காலியும் சீரியலும்தான்.

இப்படி நின்றுபோகும் நடமாட்டம் நினைவாற்றலுக்கும் உதவக்கூடியது. சாவியை எங்கே வைத்தோம், காலை மாத்திரையைப் போட்டோமா என்பது போன்ற புது நினைவுகள் பதிய மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி வேண்டும். வயதாக ஆக அது சுருங்கும். 2011-இல் அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழுவினர் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகநடை. மறுபாதி கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஓராண்டு கழித்து ஸ்கேன் எடுத்தால், நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் சில இப்படிக் காட்டவில்லை. ஆகவே ‘நடந்தால் மறதிநோயே வராது’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். ஆனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் மூளையின் நுண் ரத்தக் குழாய்கள் பிழைக்கும். அதற்கு நடை உதவும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும் நல்ல பயிற்சி. முதுமையில் பெரிய ஆபத்து விழுவதுதான். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரத் தரையில் நடக்க விடாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

மறதி தொடங்கிவிட்டதா? ‘வயசு’ என்று தள்ளிவிடாதீர்கள். தைராய்டு, பி12 குறைபாடு இருந்தாலும் மறதி வரும்; ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. திடீரென்று பேச்சு குழறினாலோ மனம் குழம்பினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பக்கவாதத்தாலோ மூட்டு வலியாலோ முடங்கியவர்களுக்குத் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டு பெற்றோர், முதியோர் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.